செர்ட்ராலின் தொடங்கியதும் குடல் ஏன் தாறுமாறாகிறது?

கேள்வி: எனக்கு வயது 47. தூக்கத்தில் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து எழுந்துவிடுவதால் மனநல மருத்துவரிடம் போனேன். செர்ட்ராலின் 50 மி.கி. தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார். நான்காம் நாளிலிருந்து குமட்டல். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை தண்ணீராகப் போனது. பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டன்செட்ரான் 4 மி.கி. மூன்று வேளையாக ஐந்து நாளுக்குத் தந்தார்கள். குமட்டல் நின்றது, ஆனால் நான்கு நாள் மலமே கழியவில்லை, வயிறு உப்பிக்கொண்டது. மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் ‘கேஸ்தான்’ என்று ரபிப்ரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த காப்ஸ்யூலைக் கொடுத்தார்கள். அதையும் இரண்டு வாரமாகச் சாப்பிடுகிறேன். இப்போது இரண்டு நாள் மலச்சிக்கல், ஒரு நாள் பேதி என்று மாறி மாறி வருகிறது. படபடப்பு மட்டும் நன்றாகக் குறைந்திருக்கிறது. எல்லாம் செரட்டோனின் செய்யும் வேலை என்கிறார் உறவினர் ஒருவர். மூளைக்குக் கொடுத்த மருந்து குடலை ஏன் தொடுகிறது? மாத்திரையை நிறுத்திவிடலாமா? ரத்தத்தில் செரட்டோனின் அளவு பார்க்க வேண்டுமா? வாழைப்பழம் சாப்பிட்டால் அது கூடும் என்கிறார்களே, அதையும் நிறுத்த வேண்டுமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உடனே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செர்ட்ராலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது உங்களுக்கு வேலை செய்கிறது. கடையில் தந்த காப்ஸ்யூலை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆன்டன்செட்ரான் மிச்சம் இருந்தால் அதை மறுபடி தொடங்க வேண்டாம். இந்த வாரத்துக்குள் உங்கள் மனநல மருத்துவரைப் பார்த்து, நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்லுங்கள்.

உங்கள் உறவினர் சொன்னது பாதி சரி. செரட்டோனின் என்பது செல்களுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். நீங்கள் சாப்பிட்ட மூன்று மருந்துகளும் குடலில் அதன் வேலையில்தான் கை வைக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் வைக்கிறது. முதல் மருந்து செரட்டோனினைக் கூடுதல் நேரம் தங்க விடுகிறது. இரண்டாவது, அது உட்காரும் இடங்களில், அதாவது ஏற்பிகளில், ஒரு வகையை அடைக்கிறது. மூன்றாவது இன்னொரு வகையைத் தூண்டுகிறது. இந்த மூன்றும் ஒரு மாதத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தால் எந்தக் குடலும் நிதானம் இழக்கும். ஆகவே ‘செரட்டோனின் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா’ என்று கேட்பதைவிட, ‘எந்த ஏற்பி தூண்டப்படுகிறது, எது அடைக்கப்படுகிறது’ என்று கேட்பதே உங்களுக்குப் பயன் தரும்.

மூளைக்கான மருந்து குடலை ஏன் தொடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். செரட்டோனின் முதலில் அடையாளம் காணப்பட்டதே குடலில்தான். இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930-களில் குடலின் உட்சவ்விலிருந்து, தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருளைப் பிரித்து அதற்கு ‘என்டெரமின்’ என்று பெயர் வைத்தார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகியோர் ரத்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்து ‘செரட்டோனின்’ என்றார்கள். இரண்டும் ஒன்றே என்று தெரிய வந்தது 1952-இல். மூளையிலும் அது இருக்கிறது என்று பெட்டி டுவாரோக் காட்டியது அதற்கும் பிறகு. உடலில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் இன்றும் குடலில்தான் இருக்கிறது. பத்திரிகைகள் அதை ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று எழுதி எழுதி, குடலில் அதற்கு இருக்கும் பெரிய வேலையை மறக்க வைத்துவிட்டன.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நீங்கள் சாப்பிட்ட சோறு இரைப்பையில் கூழாகி, சிறிது சிறிதாகச் சிறுகுடலின் முதல் பகுதிக்குள் இறங்குகிறது. கூழ் உரசிப் போகும்போது உட்சவ்வின் விரலிகள் வளைகின்றன, குடல் சுவர் லேசாக விரிகிறது. அந்தச் சவ்வில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக என்டெரோகுரோமாஃபின் செல்கள் இருக்கின்றன. அவற்றின் சவ்வில் பீசோ-2 என்ற வாயில், அழுத்தம் பட்டதும் திறக்கிறது. செல்லுக்குள் கால்சியம் ஏற, அங்கே குருணைகளாகச் சேர்த்து வைத்திருக்கும் செரட்டோனின் பெரும்பாலும் அடிப்பக்கமாக, அதாவது உணவு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே வருகிறது. அங்கே உணர்வு நரம்பு முனைகள் காத்திருக்கின்றன. செய்தி குடல் சுவருக்குள்ளேயே இருக்கும் நரம்பு வலைக்குப் போகிறது. கூழுக்கு மேல் பக்கம் அசிட்டைல்கோலின் சுரந்து வட்டத் தசை இறுகுகிறது. கீழ்ப்பக்கம் நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து தசை தளர்கிறது. மேலே இறுக, கீழே தளர, கூழ் சில சென்டிமீட்டர் கீழிறங்குகிறது. இது மூளையைக் கேட்காமல் நடக்கும். உடலிலிருந்து எடுத்து உப்புக் கரைசலில் வைத்த குடல் துண்டுகூட இதைச் செய்யும்.

தசையின் தாளத்தை உண்டாக்குவது செரட்டோனின் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கஹால் செல்கள் என்ற தனிச் செல்கள் அந்தத் தாளத்தைத் தருகின்றன. சிறுகுடலின் தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 12, கடைசியில் சுமார் 8. ஒவ்வொரு தாளமும் சுருக்கமாக மாறுவதில்லை. எது மாற வேண்டும், எவ்வளவு வலுவாக என்பதை நரம்புகள் முடிவு செய்கின்றன. அந்த நரம்புகளின் குரலைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் செரட்டோனினுக்கு முக்கிய வேலை. சவ்வில் செரட்டோனின் செய்யும் நொதியை நீக்கிய எலிகளிலும் குடல் அசைவு கிட்டத்தட்ட இயல்பாகவே இருந்தது. குடல் நரம்புகள் தாமே செய்துகொள்ளும் சிறிய அளவை நீக்கியபோதுதான் உணவு நகர்வது மெதுவானது. பழைய பாடப்புத்தகங்கள் ‘செரட்டோனின் இல்லையேல் குடல் அசைவு இல்லை’ என்று எழுதியதை இதனால் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி ஏற்பிகள். செரட்டோனின் தானாக எதையும் சுருக்குவதும் இல்லை, தளர்த்துவதும் இல்லை. அது போய் உட்காரும் புரதமே விளைவை முடிவு செய்கிறது. இதை முதலில் காட்டியதும் சிறுகுடல்தான். 1957-இல் காடம், பிகரெல்லி இருவரும் கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டில் செரட்டோனினை ஊற்றினார்கள். துண்டு சுருங்கியது. மார்ஃபின் கொடுத்தால் அந்தச் சுருக்கத்தில் ஒரு பகுதி மட்டும் அடங்கியது. டைபென்சிலின் என்ற வேறொரு மருந்தைக் கொடுத்தால் மறு பகுதி அடங்கியது. இரண்டையும் கொடுத்தால்தான் முழுவதும் அடங்கியது. ஒரே பொருளுக்கு நரம்பில் ஒரு ஏற்பி, தசையில் வேறொரு ஏற்பி என்று அவர்கள் சொன்னார்கள். இன்று ஏழு குடும்பங்களில் 14 வகை ஏற்பிகள் தெரியும். உங்கள் விஷயத்துக்கு இரண்டு போதும்.

முதலாவது 5-எச்.டி.3 ஏற்பி (5-எச்.டி. என்பது செரட்டோனினின் வேதிப் பெயர்ச் சுருக்கம்), மூன்றாம் வகை என்று வைத்துக்கொள்வோம். மற்றவை எல்லாம் செல்லுக்குள் வேறு புரதங்களை எழுப்பி மெதுவாக வேலை செய்பவை. இது ஒன்று மட்டும் நேரடி மின் வாயில். செரட்டோனின் பட்ட மில்லி விநாடிகளில் திறந்து சோடியத்தை உள்ளே விட, நரம்பு உடனே துடிக்கிறது. குடல் சுவரின் உள் நரம்புகளிலும் இது உண்டு, குடலிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் வேகஸ் நரம்பின் முனைகளிலும் உண்டு. வேகஸ் முனையில் இது அளவுக்கு மீறித் தூண்டப்படுவதுதான் குமட்டல். சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்து கொடுத்தால் வாந்தி வருவதும் இதே வழியில்தான். ஆன்டன்செட்ரான் அந்த வாந்திக்காகவே உருவாக்கப்பட்டது.

இரண்டாவது 5-எச்.டி.4 ஏற்பி, அதாவது நான்காம் வகை. இது பெரும்பாலும் நரம்பு முனைகளில், அசிட்டைல்கோலின் வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூண்டப்பட்டால் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் அசிட்டைல்கோலின் அளவு கூடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செய்தியை இது வலுவாக்குகிறது. அதனால்தான் குடலை நகர்த்தும் மருந்துகள் பலவும் இதைக் குறிவைக்கின்றன. இவ்விரு வகைகளும் குடல் சுவரில் உப்பும் நீரும் சுரக்கவும் காரணமாகின்றன. உங்களுக்குத் தண்ணீராகப் போனதற்கு வேகம் மட்டும் காரணமில்லை, சுரப்பும் சேர்ந்துகொண்டது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். தசையிலேயே இருக்கும் இரண்டாம் வகையில் ஒன்று தசையை நேரடியாகச் சுருக்குகிறது. ஏழாம் வகை தளர்த்துகிறது. முதல் வகையில் சில, நரம்பின் குரலைத் தாழ்த்துகின்றன. தூண்டுவதும் அடக்குவதும் ஒரே பொருளின் கையில் இருப்பதால், அளவு கூடினால் பேதி, குறைந்தால் மலச்சிக்கல் என்று நேர்கோட்டில் கணக்குப் போட முடியாது.

வேலை முடிந்த செரட்டோனினை அங்கிருந்து அகற்ற வேண்டும். அதைச் செய்வது ‘செர்ட்’ என்ற கடத்திப் புரதம். மூளை நரம்பு, குடல் நரம்பு, குடலின் உட்சவ்வுச் செல்கள், ரத்தத் தட்டணுக்கள் எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஒரே புரதம்தான். செர்ட்ராலின் இதை அடைக்கிறது. மாத்திரை வாய் வழியாகக் குடலுக்குள் போய், குடல் சுவர் வழியாகவே ரத்தத்தில் சேர்வதால், மூளையைத் தொடும் முன்பே குடலைத் தொட்டுவிடுகிறது. அதனால்தான் படபடப்பு குறைய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது, வயிற்றுத் தொல்லை முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. செர்ட்டை அடைக்கும் இந்தக் குடும்ப மருந்துகளில் பேதி அதிகம் வருவது செர்ட்ராலினில்தான்.

இப்போது உங்கள் ஒரு மாதத்தைப் படித்துப் பார்ப்போம். நான்காம் நாளில், அகற்றப்படாத செரட்டோனின் மூன்றாம், நான்காம் வகை ஏற்பிகளைத் தேவைக்கு மேல் தூண்டியது. குமட்டலும் பேதியும் அதன் விளைவு. இந்த நிலை பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாக அடங்கும். மூன்றாம் வகை ஏற்பி தொடர்ந்து தூண்டப்பட்டால் களைத்து, பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம். கடத்திப் புரதமே இல்லாமல் பிறந்த எலிகளை வைத்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நீர்த்த மலத்தோடு இடையிடையே மலச்சிக்கலும் மாறி மாறி வந்தது பதிவாகியிருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட அதுவே.

அதற்குள் ஆன்டன்செட்ரான் வந்தது. குமட்டலை அது சரியாகவே நிறுத்தியது. ஆனால் ஒரு நாளைக்கு 12 மி.கி. என்று ஐந்து நாள் தொடர்ந்ததில், மூன்றாம் வகை ஏற்பிகள் குடல் முழுவதும் அடைபட்டன. இந்த மருந்து சிறுகுடலின் வேகத்தை அதிகம் மாற்றுவதில்லை, பெருங்குடலின் வேகத்தைத்தான் நன்றாகக் குறைக்கிறது. சாப்பிட்டதும் பெருங்குடல் இறுகி மலத்தைத் தள்ளும் இயல்பான உந்துதலையும் மட்டுப்படுத்துகிறது. மலம் தங்கத் தங்க நீர் உறிஞ்சப்பட்டு இறுகியது. இந்த வகை மருந்துகளின் மலச்சிக்கலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அலோசெட்ரான் என்ற இதே வகை மருந்து 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, கடும் மலச்சிக்கலும் பெருங்குடல் ரத்த ஓட்டக் குறைவும் வந்ததால் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. 2002-இல் கடுமையான கட்டுப்பாடுகளோடுதான் மீண்டும் வந்தது. ஆன்டன்செட்ரான் அந்த அளவுக்கு ஆபத்தானதல்ல. பேதி மேலோங்கும் குடல் எரிச்சல் நோய்க்கு இதையே குறைந்த அளவில் தொடங்கி, மலம் இறுகினால் உடனே குறைத்துப் பயன்படுத்துகிறோம். உங்களுக்கு ஒன்றிரண்டு வேளையோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

மூன்றாவதாக வந்த காப்ஸ்யூல் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன், இது எனக்குக் கவலை தரும் விஷயம். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘ரபிப்ரசோல் 20 மி.கி., லெவோசல்பிரைடு 75 மி.கி.’ என்று இருக்கும். ரபிப்ரசோல் அமிலத்தைக் குறைப்பது. உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அது சிலருக்குப் பேதியையும் உண்டாக்கும். லெவோசல்பிரைடு நான்காம் வகை ஏற்பியைத் தூண்டுகிறது. ஆனால் அதன் முதன்மை வேலை அது அல்ல. டோபமின் என்ற இன்னொரு செய்திப் பொருளின் ஏற்பியை அடைப்பதே அதன் முதன்மை வேலை. அதனால் மாதவிடாய் தப்புவது, மார்பில் பால் கசிவது, கை நடுக்கம், முக இறுக்கம், கால்களை அசைக்காமல் இருக்க முடியாத தவிப்பு எல்லாம் வரலாம். வயது கூடக் கூட நடுக்கத்தின் ஆபத்து கூடும். ‘கேஸ் மாத்திரை’ என்ற பெயரில் இது மாதக்கணக்கில் கை மாறுவது சரியல்ல. இந்த இரண்டு வாரத்தில் மேற்சொன்ன எதையாவது கவனித்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நான்காம் வகையைத் தூண்டும் மருந்துகளே கெட்டவை என்று இதற்கு அர்த்தமில்லை. சிசப்ரைடு ஒரு காலத்தில் எல்லோர் வீட்டிலும் இருந்தது. அது இதயத் தசையின் பொட்டாசியம் வாயிலையும் அடைத்து இதயத் துடிப்பைக் குலைத்ததால் அமெரிக்காவில் 2000-இல் சந்தையை விட்டுப் போனது. இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு இங்கே தடையான இன்னொன்று டெகாசெரோடு. பிறகு வந்த புரூகலோப்ரைடு நான்காம் வகையை மட்டும் குறிவைப்பது. நாள்பட்ட மலச்சிக்கலுக்கு தினம் 2 மி.கி., முதியவர்களுக்கும் சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கும் 1 மி.கி. நல்ல மருந்துதான். ஆனால் செர்ட்ராலின் சாப்பிட்டுப் பேதியும் சிக்கலும் மாறி மாறி வரும் உங்களுக்கு அது இப்போது வேண்டாம். இன்னொரு ஏற்பியைத் தூண்டி ஆட்டத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

இனி என்ன செய்யலாம். செர்ட்ராலினைக் காலை உணவுக்குப் பின், வயிறு நிறைந்திருக்கும்போது சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டல் கூடும். திடீர்ப் பதற்றத்துக்கு இதைப் பொதுவாக 25 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 50 மி.கி.க்குப் போவார்கள். உங்களுக்கு நேராக 50-இல் தொடங்கியிருக்கிறது. வயிறு இன்னும் தொல்லை தந்தால், சில நாள் 25-க்கு இறங்கி மறுபடி ஏறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த ஒரு மாற்றமே பலருக்குப் போதும். அதற்கும் அடங்காவிட்டால் மருந்தை மாற்றலாம். எஸ்சிடலோப்ராமில் பேதி குறைவு. பராக்ஸெட்டினில் மலச்சிக்கலும் எடை கூடுதலும் வரலாம். மிர்டசபின் மூன்றாம் வகை ஏற்பியைத் தானே அடைப்பதால் குமட்டல் குறைவு, ஆனால் தூக்கமும் பசியும் கூடும். எஸ்சிடலோப்ராமுக்கு மாறினால், அதோடு ஆன்டன்செட்ரானையோ, இன்னொரு குமட்டல் மாத்திரையான டோம்பெரிடோனையோ கேட்காமல் சேர்க்கக் கூடாது. மூன்றுமே இதய வரைபடத்தில் (ஈ.சி.ஜி.) கியூ.டி. எனப்படும் இடைவெளியை நீட்டி, இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியவை.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், தூக்கமின்மை, சில சமயம் மறுபடியும் பேதி. நிறுத்துவதானாலும் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

மலம் இறுகியிருக்கும் நாளில், பாலிஎத்திலின் கிளைக்கால் பொடி 17 கிராமை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். அல்லது லாக்டுலோஸ் 15 மி.லி. இரவில். அடைப்பு விலகி மலம் இளகிய பிறகு இசப்கோல் உமியை ஒரு தேக்கரண்டி அளவில் ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தேவைப்பட்டால் சில நாள் கழித்து இரண்டு தேக்கரண்டியாக்கலாம். இது தண்ணீரைப் பிடித்துவைப்பதால் சிக்கலுக்கும் பேதிக்கும் இரண்டுக்குமே உதவும். செர்ட்ராலினுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். நான்கு நாள் மலம் அடைத்துக் கிடக்கும்போது இசப்கோலைப் போட்டால் உப்புசம்தான் மிஞ்சும், வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

பேதி நாளில், ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் ஒரு டம்ளர் ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக் கரையுங்கள். சுமார் 21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. 200 மி.லி.க்கான சிறிய பாக்கெட்டும் கிடைக்கிறது. பெரிய பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டம்ளரில் கலக்கினால் உப்பு அளவு தவறிவிடும். காபியை ஒரு வேளையாகக் குறையுங்கள். லோபராமைடு 2 மி.கி. மாத்திரை, வெளியூர்ப் பயணம் போன்ற அவசரத்துக்கு ஒன்று போதும். அது செரட்டோனினைத் தொடுவதில்லை, குடலிலுள்ள ஓபியாய்டு ஏற்பியின் வழியாக வேலை செய்கிறது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் போடக் கூடாது. இன்னொன்று: இரண்டு மூன்று நாள் சிக்கலுக்குப் பிறகு வரும் முதல் தளர்ந்த மலம் பேதி அல்ல, தேங்கியது வெளியேறுவது. அதை நிறுத்த மாத்திரை போட்டால் சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கும். உங்களுக்கு மாறி மாறி வருவதில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம்.

ஒரு சிறு நோட்டில் இரண்டு வாரத்துக்குக் குறித்து வையுங்கள்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, மலம் எத்தனை தடவை, எந்தப் பதத்தில். பதத்துக்கு பிரிஸ்டல் அளவுகோலின் எண்ணைப் போடலாம். ஒன்று என்றால் தனித்தனிப் புழுக்கை, நான்கு என்றால் மென்மையான நீள மலம், ஏழு என்றால் முழுத் தண்ணீர். மருத்துவருக்கு இது எந்த ஸ்கேனையும்விட உதவும்.

சில மருந்துகளிடம் கவனமாக இருங்கள். சளி இருமலுக்கு வாங்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் சிரப், வலிக்கான டிரமடால், தொற்றுக்கான லினசோலிட் ஆகியவை செர்ட்ராலினோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறலாம். சேர்ந்த சில மணி நேரத்தில் பேதியோடு வியர்வை, நடுக்கம், கால்கள் வெட்டி வெட்டி இழுப்பது, நிலைகொள்ளாமை, காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் தவிருங்கள். தட்டணுக்கள் ரத்தத்தை உறையவைக்க உதவும் செரட்டோனினை அதே கடத்திப் புரதத்தின் வழியாகத்தான் சேர்த்துக்கொள்கின்றன. செர்ட்ராலினில் அது குறைந்திருக்கும்போது வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். தார் போலக் கருத்த மலம் அதற்கு அடையாளம். வாந்தியோடு வயிறு பெருத்து வாயுகூடப் பிரியாவிட்டாலும், தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்குப் பேதி போனாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், மருந்தின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

ரத்தத்தில் செரட்டோனின் அளவு பார்க்க வேண்டாம். ரத்தத்தில் இருப்பதில் பெரும்பங்கு தட்டணுக்களுக்குள்தான். செர்ட்ராலின் சாப்பிடுபவருக்குத் தட்டணுக்கள் காலியாவதால் அளவு குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து ‘உங்களுக்குச் செரட்டோனின் குறைவு’ என்று யாராவது இன்னொரு மாத்திரை எழுதினால் விபரீதம். கார்சினாய்டு என்ற அரிய கட்டி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும்போது மட்டும், 24 மணி நேரச் சிறுநீரில் செரட்டோனின் சிதைந்து வரும் பொருளை அளப்போம். அவர்களுக்கு முகம் திடீரென்று சிவந்து சூடேறும், பட்டினி இருந்தாலும் பேதி நிற்காது. நீங்கள் எழுதியதில் அந்தச் சாயல் இல்லை.

உங்களுக்குத் தேவையான பரிசோதனை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை. 47 வயதுப் பெண்ணுக்குப் படபடப்பும் தளர்ந்த மலமும் சேர்ந்து வந்தால், தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். செர்ட்ராலினுக்கு முன் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இப்போது பாருங்கள். கூடவே ஹீமோகுளோபினும் சோடியமும் பார்ப்பது நல்லது. இந்த வகை மருந்தில் சிலருக்குச் சோடியம் குறையும், பேதி அதை மேலும் குறைக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவே பேதிக்குப் பெயர் போனது.

வாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடலாம். அதில் செரட்டோனின் உண்டு, ஆனால் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதி அதைப் பெரும்பாலும் சிதைத்துவிடும். மிஞ்சுவதும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. கார்சினாய்டுக்கான அந்தச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட் ஆகியவற்றை நிறுத்தச் சொல்வோம். அதுவும் அளவீடு தவறாகக் கூடிக் காட்டும் என்பதற்காகவே. அந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை.